ரிப்பன் வரிசையின் சாட்சியம்

தமிழ்நாட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் சிலவற்றில் பழைய சுவர் ஒன்றில் சிறு கல்வெட்டு பதித்திருப்பதைப் பார்க்கலாம். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்பதோடு அது முடிந்துவிடும். பெயர் இருக்காது. எந்த நாட்டுக்குப் போனார்கள், அங்கே என்ன வேலை பார்த்தார்கள் என்பதும் இருக்காது. அதே ஊரில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் புகைப்படம், அந்த எண்ணிக்கையில் ஒருவரையோ அடுத்த போருக்குப் போன அவர் மகனையோ முகத்தோடு காட்டக்கூடும். விறைப்பாக நிற்கும் உருவம், காக்கிச் சட்டை, இடது மார்புப் பைக்கு மேலே சிறு சிறு பட்டைகளாக ஒரு ரிப்பன் வரிசை. வீட்டில் மிஞ்சியிருப்பது "தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்" என்ற ஒற்றை வரியாக இருக்கும். சில வீடுகளில் அதுவும் இருக்காது. கடிதமோ நாட்குறிப்போ எழுதி வைத்த சிப்பாய்கள் மிகக் குறைவு. ஆகவே அந்த ரிப்பன் வரிசையே பல நேரங்களில் அவரைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே ஆவணம். அதை எப்படி வாசிப்பது என்பது வரலாற்றுக் கேள்விதான். பொழுதுபோக்காக விட்டுவிடத் தக்கதல்ல. நிறத்தை நம்பி வாசித்தால் தவறிப்போவோம், ஒவ்வொரு ரிப்பனையும் தனியாகப் பிரித்து வாசித்தாலும் தவறிப்போவோம், விதிப்படி அடுக்கப்பட்ட ஒரு முழு வரிசையாக வாசித்தால்தான் அது பேசும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. அப்படி வாசிக்கும்போது தெரிவது அரசு அந்த மனிதரை எந்தக் களத்தில், எந்தக் காலத்தில் தன் கணக்கில் வைத்திருந்தது என்ற செய்தி. அவர் வீரத்தைப் பற்றி அது அநேகமாக ஒன்றும் சொல்லாது. எல்லை குறுகியதுதான். ஆனால் அந்த எல்லைக்குள் அது குடும்ப நினைவைவிட உறுதியானது.

மெடலை அணிவகுப்பிலும் விழாவிலும்தான் முழுதாகத் தொங்கவிடுவார்கள். அன்றாடச் சீருடையில் அதன் ரிப்பனை மட்டும் சிறு துண்டாகத் தைத்துக்கொள்வார்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களின் ரிப்பன் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் அகலம். முழு உருவப் படத்தில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அவ்வளவு சிறிய இடத்தில் கோடுகளை எண்ணுவதே கடினம் என்னும்போது, முதலில் கவனிக்க வேண்டியது ரிப்பன் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. வரிசை பித்தானை ஒட்டிய முனையில் தொடங்கித் தோள் பக்கமாகப் போகும். தொடக்கத்தில் வீரத்துக்கான விருதுகள், அடுத்து போர்ப் பதக்கங்கள் அவை வழங்கப்பட்ட போர்களின் கால வரிசையில், பிறகு மன்னரின் முடிசூட்டு, வெள்ளி விழாப் பதக்கங்கள், கடைசியில் நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்குமானவை. இந்த முறையைச் சிப்பாய் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. அணிவகுப்பில் நிற்கும்போது மேலதிகாரியின் கண் முதலில் போகும் இடங்களில் மார்பும் ஒன்று. ஆகவே மூன்றாம் இடத்தில் இருக்கும் ரிப்பன் எதுவாக இருக்க முடியும் என்பதை, அதன் கோடுகளைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டாம் இடமும் நான்காம் இடமும் பாதி சொல்லிவிடுகின்றன.

இடத்தை விட்டுவிட்டு நேரே நிறத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரும்பட்டை தெரிந்தால் அது கரு நீலமாக இருக்கும், வெளிறிய பட்டை தெரிந்தால் அது மஞ்சளாக இருக்கும் என்று மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. பழைய புகைப்படத் தகடு நம் கண்ணைப் போலப் பார்க்காது. தொடக்க காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. 1873-இல் ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டறிந்தார். அந்த வழியில் வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகளும் சிவப்புக்குக் குருடாகவே இருந்தன. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடு 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் பல பத்தாண்டுகள் ஸ்டூடியோக்களில் பழைய வகையும் புழக்கத்தில் இருந்தது. சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவிவிடலாம் என்பது அதில் பெரிய வசதி. விளைவு என்ன? ஆர்த்தோ தகட்டில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளிறிவிடும், வெளிர் நீலம் வெள்ளையோடு கலந்தே போகும். பான்குரோமேட்டிக்கில் அதே சிவப்பு இடைப்பட்ட சாம்பலாகவும் கரு நீலம் அதைவிடக் கறுப்பாகவும் இருக்கும். இரு தகடுகளிலும் ஒரே ரிப்பன் ஒன்றுக்கொன்று தலைகீழாகத் தெரிகிறது.

இது எவ்வளவு பெரிய பிழைக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு இந்தியப் படையின் இரண்டு வீர விருதுகளே போதும். இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற விருதின் ரிப்பன் நடுவில் கரு நீலம், இரு ஓரங்களிலும் கருஞ்சிவப்பு. 1907-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடலின் ரிப்பன் நடுவில் கருஞ்சிவப்பு, இரு ஓரங்களிலும் கரு நீலம். முதலாவதை ஆர்த்தோ தகட்டில் எடுத்தால் நடு வெளிறி, ஓரம் கறுத்திருக்கும். இரண்டாவதைப் பான்குரோமேட்டிக்கில் எடுத்தாலும் நடு வெளிறி, ஓரம் கறுத்திருக்கும். இரண்டும் வரிசையின் தொடக்கத்திலேயே வருபவை. ஆனால் இரண்டுக்கும் தகுதி வேறு. சிப்பாய்க்கு நீண்ட காலம் விக்டோரியா கிராஸ் எட்டாதிருந்தபோது அவனுக்கு இருந்த மிக உயர்ந்த வீர விருது ஆர்டர் ஆஃப் மெரிட். 1911-இல்தான் இந்தியச் சிப்பாய்கள் விக்டோரியா கிராஸுக்குத் தகுதி பெற்றார்கள். தகடு எந்த வகை என்று தெரியாமல் இந்த இரண்டில் ஒன்றைத் துணிந்து சொல்பவர், நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்கிறார்.

நிறம் பூசிய படங்கள் இருக்கின்றனவே, அவற்றில் நிறம் தெரிகிறதே என்று கேட்கலாம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டித் தருவது பழைய வழக்கம். கன்னத்துக்கும் சேலைக் கரைக்கும் வண்ணம் இட்டவர் ரிப்பனுக்கும் இட்டிருப்பார். மெடலை எதிரில் வைத்துக்கொண்டு அவர் தீட்டினார் என்பதற்கு எந்தச் சான்றும் இராது. பளிச்சென்று இருக்கட்டும் என்று பச்சையும் சிவப்பும் வைத்திருக்கலாம். இன்று கணினி ஒரு நொடியில் நிறமூட்டித் தரும் படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாம்பலின் அடர்த்தியை வைத்து எந்த நிறமாக இருக்கக்கூடும் என்று அது ஊகிக்கிறது. தகடு சிவப்பைக் கறுப்பாக்கிய இடத்தில் அந்த ஊகத்துக்கு அடிப்படையே இல்லை. அத்தகைய படத்தைச் சான்றாக வைத்துத் தாத்தாவின் மெடல்களைப் பட்டியலிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. தவறான பட்டியல் குடும்ப வரலாற்றில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு இறங்காது.

முதல் உலகப் போரின் ரிப்பன்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் வரிசையின் விதி அவற்றில் தெளிவாகத் தெரியும். வழக்கமான வரிசை மூன்று: 1914 ஸ்டார் அல்லது 1914–15 ஸ்டார், அடுத்து பிரிட்டிஷ் வார் மெடல், அடுத்து விக்டரி மெடல். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. ஸ்டார் பெற்றவருக்கு மற்ற இரண்டும் கட்டாயம் உண்டு. விக்டரி மெடல் பெற்றவருக்கு வார் மெடல் உண்டு. வார் மெடல் மட்டும் தனியாக இருக்க இடமுண்டு. ஆகவே ஒரு படத்தில் ஸ்டாரும் விக்டரியும் இருந்து இடையில் வேறேதோ ரிப்பன் இருப்பதாகத் தோன்றினால், நாம் ஏதோ ஒன்றைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறோம். ஸ்டாரின் ரிப்பன் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் ஒன்றில் ஒன்று கரைவது; சிவப்பு பித்தான் பக்கம் இருக்கும். ஆர்த்தோ தகட்டில் வெள்ளையும் நீலமும் கலந்துவிட, பார்ப்பவருக்கு இடப்புறம் ஒரு கரும்பட்டையும் அது மெல்ல வெளுத்துப் போவதும் மட்டுமே தெரியும். வார் மெடலின் அகன்ற நடுப்பகுதி பொன்னிறம், இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலம் என்று மெல்லிய கோடுகள். விக்டரியில் இரண்டு வானவில்கள் நடுச் சிவப்பில் இணைகின்றன; கோடே இல்லாமல் நடுவிலிருந்து ஓரம் வரை நிழல் மாறிக்கொண்டே போகும். நிழல் மட்டும் மாறும் இரண்டு ரிப்பன்களுக்கு நடுவே ஓரக்கோடுள்ள அகன்ற ரிப்பன் ஒன்று என்ற அமைப்பு, நிறம் தெரியாவிட்டாலும் இந்த மூன்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

1914 ஸ்டாருக்கும் 1914–15 ஸ்டாருக்கும் ரிப்பன் ஒன்றேதான். முதலாவது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 நள்ளிரவு வரை பணியாற்றியவர்களுக்கு. அவர்களில் எதிரியின் குண்டுக்கு உட்பட்டவர்கள் ரிப்பன் மேல் சிறு வெள்ளி ரோஜா முத்திரை வைத்துக்கொள்ளலாம். லாகூர், மீரட் டிவிஷன்களைச் சேர்ந்த சிப்பாய்கள் 1914 செப்டம்பர் இறுதியிலிருந்து மார்சேயில் வந்து இறங்கியவர்கள் என்பதால் அந்த முத்திரையை இந்தியர் பலர் அணிய முடிந்தது. தமிழகத்தோடு தொடர்புள்ள படை வேறு திசையில் போனது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் இறங்கித் தோல்வி கண்ட படையில் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61-ஆவது பயனியர்ஸும் இருந்தன. அவர்களும் 1914-இலேயே குண்டடி கண்டவர்கள்தான். ஆனால் 1914 ஸ்டார் ஆப்பிரிக்காவுக்குக் கிடையாது. அவர்களுக்கு 1914–15 ஸ்டார், முத்திரை இல்லாமல். "முத்திரை இல்லை, ஆகவே 1915-இல்தான் போயிருப்பார்" என்று முடிவுகட்டுவது எவ்வளவு எளிது, எவ்வளவு தவறு என்பதற்கு தாங்காவே சாட்சி.

ரிப்பன் மறைத்துவிடும் வேறொன்றும் உண்டு, இதைவிட வேதனையானது. வார் மெடல் வெள்ளியில் செய்யப்பட்டது. சீனா, மால்ட்டா, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து போன தொழிலாளர் படைகளுக்கு அதே மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். மண் வெட்டியவரும் சுமை தூக்கியவரும் சிப்பாயைவிட ஒரு படி கீழே என்பதை உலோகத்திலேயே குறித்து வைத்தது அந்த அரசு. ரிப்பனில் அந்த வேறுபாடு இல்லை. மார்பில் வார் மெடலின் ஒற்றை ரிப்பனோடு நிற்பவர் வெள்ளிக்காரரா வெண்கலக்காரரா என்று படத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. பெட்டியில் மெடலே கிடைத்தால் உலோகமும், விளிம்பில் பொறித்த எண்ணும் பெயரும் படையும் சொல்லும். முதல் போரின் மெடல்களில் பெயர் பொறித்தே கொடுத்தார்கள் என்பது நமக்குப் பெரிய பேறு. இதேபோல நீல நடுவும் பச்சை ஓரமும் கொண்ட இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல் 1908-இன் ரிப்பனும் பாதிதான் சொல்லும். ஆப்கான் எல்லையில் 1919-இல் இருந்தவருக்கும் 1921–22 மலபார்க் கிளர்ச்சியை அடக்கப் போனவருக்கும் ஒரே ரிப்பன். எந்த இடம் என்பதைச் சொல்லும் கிளாஸ்ப் என்ற உலோகப் பட்டை மெடலோடு தொங்கும்போதுதான் தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் வீட்டுச் சுவர்களில் உள்ள படங்களும் பெருகுகின்றன, சிக்கலும் பெருகுகிறது. அப்போதைய இந்தியப் படை 25 லட்சம் பேரைத் தொட்டது. 1920-களின் இறுதியில் கலைக்கப்பட்ட சென்னை ரெஜிமென்ட் பட்டாலியன்கள் இந்தப் போருக்காக மீண்டும் எழுப்பப்பட்டன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையினர் கிட்டத்தட்ட எல்லாக் களங்களிலும் இருந்தார்கள். இவர்களுக்குக் கிடைத்த ரிப்பன்களில் நான் முதலில் தேடச் சொல்வது வரிசையின் கடைசிக்கு அருகே இருக்கும் வார் மெடல் 1939–45-ஐ. 28 நாள் பணியாற்றிய எவருக்கும் அது உண்டு என்பதால் ஸ்டார் பெற்ற எல்லோருக்கும் அது உண்டு. அதன் ஓரங்களில் அகன்ற சிவப்பு, உட்புறம் அகன்ற நீலம், நட்டநடுவில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடும் அதன் இருபுறமும் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளும். எந்தத் தகட்டிலும் வெள்ளை வெள்ளைதான். ஆகவே நடுவே ஒட்டி நிற்கும் இரண்டு வெண்கோடுகளை வைத்து இந்த ரிப்பனை நிறத்தின் தயவில்லாமல் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்ததும் அதன் ஓரச் சிவப்பையும் உள் நீலத்தையும் ஒப்பிட வேண்டும். சிவப்பு அதிகம் கறுத்திருந்தால் ஆர்த்தோ. நீலம் அதிகம் கறுத்திருந்தால் பான்குரோமேட்டிக். ஒரு ரிப்பன் தகட்டின் வகையைச் சொல்லிவிட்டது. இனி அந்த அறிவோடு மற்ற ரிப்பன்களுக்குப் போகலாம். தனி ரிப்பனை வாசிக்காதே, வரிசையை வாசி என்று நான் வலியுறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. வார் மெடல் இல்லாத படத்தில் வேறு துணைகள் உண்டு: தம்பதியாக நிற்கும் படத்தில் மனைவியின் வகிட்டுக் குங்குமம், வெளியில் எடுத்த படத்தில் வானம். குங்குமம் மைபோலக் கறுத்து, வானம் வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தால் அது ஆர்த்தோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பர்மா ஸ்டாரை இப்படிச் சோதிக்கலாம். நடுவில் அகன்ற சிவப்பு, இருபுறமும் கரு நீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. ஆர்த்தோவில் நடு கறுத்து, பக்கங்கள் சாம்பலாகி, அதில் கோடுகள் கருமையாகத் தெரியும். பான்குரோமேட்டிக்கில் நடு சாம்பலாகி, பக்கங்கள் கறுத்து, கோடுகள் பளிச்சென்று நிற்கும். வரிசையின் முதலில் வரும் 1939–45 ஸ்டாரோ இரண்டிலும் ஒரு விதத்தில் ஒன்றாகவே இருக்கும்: கரு நீலம், சிவப்பு, வெளிர் நீலம் என்ற மூன்று சமப் பட்டைகளில் வெளிர் நீலம் எப்போதும் மிக வெளிறியது, அது எப்போதும் தோள் பக்கம். ரிப்பன்கள் வலது மார்பில் இருந்தும் வெளிறிய பட்டை தோள் பக்கமே இருந்தால் படத்தைத் திருப்பி அச்சிட்டிருக்கக்கூடும். வலது மார்பில் இருந்து அந்தப் பட்டை பித்தான் பக்கம் இருந்தால் கதையே வேறு. இறந்தவரின் பதக்கங்களை உறவினர் அணியும் பக்கம் அது. அப்போது படத்தில் இருப்பவர் அந்தப் பதக்கங்களைப் பெற்றவரே அல்லர்.

கோடுகளின் அமைப்பும் தகட்டின் அறிவும் சேர்ந்தும் தீர்க்க முடியாத இடங்களில் போரின் வரலாறு கைகொடுக்கும். இத்தாலி ஸ்டார் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று ஐந்து சமப் பட்டைகள். பிரான்ஸ்–ஜெர்மனி ஸ்டார் நீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று அதே ஐந்து. தகடு தெரியாதபோது இவை இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 1944–45-இல் மேற்கு ஐரோப்பியக் களத்துக்கு இந்திய டிவிஷன் எதுவும் போகவில்லை. இத்தாலியில் 4, 8, 10 ஆகிய மூன்று டிவிஷன்கள் போரிட்டன. இந்தியச் சிப்பாயின் மார்பில் அது இத்தாலி ஸ்டார் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். பக்கத்தில் ஆப்பிரிக்கா ஸ்டாரும் இருந்தால் இன்னும் உறுதி. அந்த ஆப்பிரிக்கா ஸ்டாரில் ஒரு நுட்பம் உண்டு. மணல் நிறத்தில் நடுவே சிவப்பும் இருபுறமும் மெல்லிய நீலக் கோடுகளும் கொண்ட அந்த ரிப்பன் மேல் சிலருக்கு 8 என்ற சிறு வெள்ளி எண் இருக்கும். 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரை எட்டாம் படையில் இருந்தவர்களுக்கான அடையாளம் அது. 1939–45, எட்டுள்ள ஆப்பிரிக்கா, இத்தாலி, கடைசியில் வார் மெடல் என்ற வரிசை, துனீசியா வரை போய்ப் பிறகு கசினோவில் போரிட்ட 4-ஆவது இந்திய டிவிஷனின் வழித்தடத்தோடு அப்படியே பொருந்துகிறது; அந்த டிவிஷனில் சென்னை சாப்பர்ஸ் கம்பெனிகள் இருந்தன. எட்டு இல்லாத ஆப்பிரிக்காவும் அதன் பின் பர்மாவும் வந்தால், 1941-இல் எரித்ரியாவின் கெரன் மலையில் போரிட்டு, பாலைவனத்திலும் இராக்கிலும் இருந்துவிட்டு, அரக்கானுக்கும் இம்பாலுக்கும் வந்த 5-ஆவது டிவிஷனின் பாதை நினைவுக்கு வருகிறது. இது தீர்ப்பு ஆகாது, வேறு படைகளும் அந்தப் பாதையில் போயிருக்கின்றன. ஆனால் எந்தப் படையின் ஏடுகளில் தேடத் தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல கைகாட்டி கிடைக்காது. "தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்" என்ற வீட்டு நினைவில் கெரன் மலை முழுதாகத் தொலைந்துபோயிருக்கலாம். மணல் நிற ரிப்பன் அதைத் தொலைக்கவில்லை.

விலக்கும் விதிகளும் உதவும். பசிபிக் ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் ஒருவர் மார்பில் சேர்ந்து இருக்க முடியாது. மலாயாவில் இருந்து பர்மாவுக்கும் தகுதி பெற்றவர் பசிபிக் ரிப்பன் மேல் ஒரு ரோஜா முத்திரையை மட்டும் வைப்பார். டிஃபென்ஸ் மெடல் பெற்றவருக்கு இந்தியா சர்வீஸ் மெடல் கிடையாது. இந்தியாவிலேயே மூன்றாண்டு பணியாற்றியவர்களுக்கான இந்த இரண்டாவது மெடல் 1946-இல்தான் வந்தது. கரு நீலமும் வெளிர் நீலமும் மட்டுமே கொண்ட அதன் ரிப்பன் ஆர்த்தோ தகட்டில் அடையாளமே இல்லாமல் வெளுத்துவிடும். ஆண்டுகள் படத்தின் காலத்தையும் சொல்லும். 1939–45 ஸ்டாரும் ஆப்பிரிக்கா ஸ்டாரும் 1943-இலேயே அறிவிக்கப்பட்டன. இத்தாலி, பர்மா ஸ்டார்கள் 1945 மே மாதத்தில், வார் மெடல் அதே ஆண்டு ஆகஸ்டில். வார் மெடல் ரிப்பன் தெரியும் படத்தின் பின்புறம் "1944" என்று யாராவது எழுதியிருந்தால் எழுதியவர் நினைவு பிசகியிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் படையில் தொடர்ந்தவர்களின் படங்களில் வரிசையின் விதியே மாறுகிறது. இந்திய விருதுகள் முன்னே வந்தன, பிரிட்டிஷ் காலத்து ஸ்டார்கள் பின்னே போயின. காவி, வெள்ளை, பச்சை என்று மூன்று சமப் பட்டைகள் கொண்ட சுதந்திரப் பதக்கமும், காஷ்மீர்ப் போருக்கான ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947-உம் பர்மா ஸ்டாருக்கு முன்னால் நிற்கும் படம், பழைய விதியை மட்டும் அறிந்தவருக்குக் குழப்பமாகத் தெரியும். குழப்பம் அங்கே இல்லை. ஓர் அரசின் கணக்கேட்டிலிருந்து இன்னோர் அரசின் கணக்கேட்டுக்கு அந்த மனிதர் மாறிய நாள் அந்த வரிசையில் பதிந்திருக்கிறது.

இந்த முறைக்கு எதிராக மூன்று வாதங்கள் வரும். முதலாவது: தகுதியிருந்தும் ரிப்பன் வாங்காதவர்கள், வாங்கியும் தைத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்களே? உண்மை. முதல் உலகப் போர் மெடல்கள் போர் முடிந்து ஆண்டுகள் கழித்தே கைக்கு வந்தன. ஆகவே ஒரு ரிப்பன் இருப்பது பலமான சான்று, இல்லாமல் இருப்பது பலவீனமான சான்று. பர்மா ஸ்டார் இல்லை, ஆகவே பர்மா போகவில்லை என்று எந்தப் படத்தை வைத்தும் சொல்லக் கூடாது. இரண்டாவது: தகுதி இல்லாமலே அணிந்தவர்கள் இருக்கலாமே, சந்தையில் மெடல் கிடைக்குமே? கிடைக்கும். ஆனால் மெடலை வாங்கலாம், விதியை அறியாமல் வரிசையை அடுக்க முடியாது. பொய்யாக அணிபவர் வழக்கமாக அழகான ரிப்பன்களைச் சேர்ப்பார். பசிபிக்கும் பர்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஸ்டார் இருந்து வார் மெடல் இருக்காது. ஒன்றையொன்று சார்ந்தும் விலக்கியும் நிற்கும் விதிகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குப் பொய் வெளிப்பட வழி அதிகம். விதி நன்கு அறிந்த ஒருவர் ஏமாற்றினால் படம் காட்டிக்கொடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே பணிப் புத்தகமும் ஓய்வூதியத் தாளும்தான் பேச வேண்டும்.

மூன்றாவது வாதம் கனமானது. இந்த ரிப்பன்கள் அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்டவை. களத்தில் துப்பாக்கி பிடித்தவருக்கும் பின்னால் லாரி ஓட்டியவருக்கும் ஒரே பர்மா ஸ்டார். இதை வாசித்து என்ன அறியப் போகிறோம்? பிழை ரிப்பனிடம் இல்லை, நாம் அதனிடம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது என்பேன். இம்பாலுக்கு அரிசியும் குண்டும் கொண்டுபோன லாரி இல்லாமல் இம்பால் நின்றிருக்காது. அந்த ஓட்டுநரை நினைவில் வைக்கக் கல்லோ புத்தகமோ இல்லாதபோது, அவர் அந்தப் போர்முனையின் எல்லைக்குள் இருந்தார் என்ற ஒரு செய்தியே பெரிது. வீரத்தை ரிப்பனில் தேடினால் பல நேரங்களில் ஏமாற்றமே மிஞ்சும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. காஞ்சிபுரம் அருகே கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் சென்னை சாப்பர்ஸில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது அவர் இறந்த பிறகு வந்தது. அவர் உயிரோடு இருக்கையில் எடுத்த எந்தப் படத்திலும் அந்தக் கரு நீல ரிப்பன் இருக்க முடியாது.

கணக்கேட்டிலேயே இடம் பெறாதவர்களும் இருக்கிறார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே ராணுவத்துக்கு வந்த தமிழர்கள், சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு காட்டில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்கள். பர்மா ஸ்டார் எந்தக் களத்தைக் குறிக்கிறதோ அந்தப் போரில்தான் இவர்களும் இருந்தார்கள், அந்த ஸ்டார் இவர்களுக்கு இல்லை. தேசிய ராணுவத்தினருக்கு 1972-இல் வந்த மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் தாள்களில் ஒரு பதிவைத் தந்தது. ரயில் பாதைத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. ஒரே ஊரிலிருந்து போன இருவரில் ஒருவர் படத்தில் நான்கு ரிப்பன்களும் மற்றவர் படத்தில் வெறும் சட்டையும் இருந்தால், இரண்டாமவரைப் பற்றி அந்த வெற்றுச் சட்டை எதையும் நிறுவவில்லை. அவருக்காகத் தேட வேண்டிய ஏடுகள் மலாயாத் தோட்டங்களின் ஆள் பதிவுகளிலும், கப்பல் பயணிகள் பட்டியல்களிலும், ஓய்வூதிய விண்ணப்பங்களிலும் இருக்கின்றன.